பன்னிரண்டாவது நாற்காலி

அருளு,

நீ ஊராட்சித் தலைவரான பிறகு அம்மா உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மாண்புமிகு, மதிப்பிற்குரிய என்றெல்லாம் போடவில்லை. போட்டால் எனக்கே சிரிப்பு வந்து எழுத்து கோணிவிடும். பதவியேற்பு முடிந்து பாபநாசத்துக்கு, உன் அக்கா வீட்டுக்கு, திரும்ப பஸ் ஏற வந்தபோது, தெருமுக்கில் உன் படம் போட்ட சுவரொட்டி முன்னால் நின்று ஒரு வரி விடாமல் வாசித்தேன். உன்னை விடிவெள்ளி என்று போட்டிருந்தார்கள். வெயில் ஏறியும் எழுந்திருக்காத இந்த விடிவெள்ளியின் முகத்தில் நான் தண்ணீர் அடித்து எழுப்பிய கதை அதை அச்சடித்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் "இது எம் மவன்" என்று சொல்லாமல் என்னால் பஸ் ஏற முடியவில்லை. சந்தோஷம்தான் அருளு, வயிறு நிறைந்த சந்தோஷம். உன் அப்பா இருந்து பார்க்கவில்லையே என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் மறுபடி உன் வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் வரைக்கும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் அக்கா வீட்டில் இப்போது போன் இருக்கிறது. ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் சிமெண்ட் மூட்டையைப் பற்றிப் பேசுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. தபாலில் போட்டால் உன் ஆட்கள் பிரித்துப் படித்துவிட்டு, 'அம்மா சொகமா இருக்காங்களாம்' என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் பாபநாசத்திலிருந்து ஆள்வசமே கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பூசை முடிந்து உன்னோடு வந்தவர்களுக்கு நான்தான் பரிமாறினேன். வடிகால் தூர்வாருவது பற்றிப் பேச்சு வந்தது. தெரு முழுவதும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை. நீ வந்ததும் அதற்குத்தான் முதலில் மண்வெட்டி எடுக்கிறாய் என்று கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே ஒருவர் சொன்னார். "தலைவரே, வடிகால பிலவேந்திரன் வயலுக்கு மேக்காலயே நிறுத்திடுவோம். பணம் அவ்ளோதான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். ஐப்பசி மழை ஊத்தட்டும், ஊருத் தண்ணி பூரா அவன் வயல்லதான் நிக்கும். பரம்பரத் துரோகி, அப்பதான் புத்தி வரும்." எல்லாரும் சிரித்தார்கள். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கையில் கரண்டியோடு நின்றேன். நீயும் சிரித்தாய். "பாப்போம், பாப்போம்" என்றாய். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலு பேர் முன்னால் தலைவரை அதட்டக்கூடாது என்று அம்மா வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிலவேந்திரன் உனக்குச் செய்தது சின்ன விஷயம் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உன் அப்பாவுக்கு அவனுடைய அப்பா சூசை எப்படியோ, அப்படி உனக்கு அவன். உனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவன், ஓட்டுப்போட நாலைந்து நாள் இருக்கும்போது எதிராளி வீட்டில் போய் மாலை வாங்கிக்கொண்டு நின்றான். மேலத்தெரு ஓட்டையும் கூடவே கொண்டுபோனான். நீ தோற்றிருப்பாய். செய்தி கேட்டு நான் அவனைத் திட்டிய திட்டை உன் அக்கா கேட்டுவிட்டு, 'இதுக்குச் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யணும்மா' என்றாள்.

பரம்பரைத் துரோகி என்று அவர் சொன்னாரே, அந்தக் கதை அவருக்குப் பாதிதான் தெரியும். உனக்கும் பாதிதான் தெரியும், நீ அப்போது அரைஞாண் கட்டிக்கொண்டு ஓடிய பையன். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்த சமயம். ஊரெல்லாம் புதுக் கொடி, புதுப் பேச்சு. வயலில் மட்டும் பழைய கூலிதான். உன் அப்பா எங்கள் தெரு விவசாயக் கூலிச் சங்கத்துக்குத் தலைவர். நம் வீட்டில் செங்கொடியும் செபமாலையும் ஒரே ஆணியில் தொங்கும். பங்குச் சாமியார் வந்தால் கொடியைப் பின்னால் தள்ளுவேன், தோழர்கள் வந்தால் செபமாலையை உன் அப்பா பின்னால் தள்ளுவார். தை அறுவடைக்கு, கூலியை உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று தெருவே ஒரே வாயாக நின்றது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று தெரியும். எந்த வழியாக வந்தாலும் மறித்து நிற்பது என்று பேசிவைத்திருந்தோம். பகலில் எல்லாரும் பெரிய பாதையில் நின்றோம். அவர்கள் பின்பக்க வரப்பு வழியாக வந்து அறுப்பில் இறங்கிவிட்டார்கள், கூடவே போலீசும். எங்கே ஆள் நிற்கும், எங்கே நிற்காது என்று மிராசுதாரின் காரியக்காரரிடம் சொன்னது சூசை. உன் அப்பாவை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பங்குனி வரைக்கும் ஜெயில்.

சூசை ஏன் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது நாங்கள் குடியிருந்த மனையே மிராசுதாருடையது. குடியிருக்கிற இடம் எங்களுக்கே என்று சட்டம் வந்ததெல்லாம் பின்னால். சூசையின் பெண்சாதி நிறைமாசம். "குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போ, இல்லன்னா ஒரு வார்த்த சொல்லு" என்று காரியக்காரர் கேட்டிருக்கிறார். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். அந்த நிறைமாசத்தில் வயிற்றில் இருந்தவன்தான் பிலவேந்திரன். காரணம் இருந்தது என்பதால் துரோகம் இல்லை என்று ஆகிவிடாது. எனக்கு அன்றைக்கு அந்தக் காரணம் காதிலேயே ஏறவில்லை. தெருவில் அவர்களுக்கு அடுப்புக்கு நெருப்புத் தரக்கூடாது என்று முதலில் சொன்னவள் நான்தான்.

இப்போது எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உன் காலத்தில் அது இல்லை. பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார் இல்லையா, எங்கள் தெருவில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு அப்போஸ்தலர் பெயர். முதல் நாற்காலி, இப்போது பேதுரு என்கிறீர்களே, அந்த இராயப்பருக்கு. வருஷா வருஷம் அதில் உன் அப்பாதான். கடைசி நாற்காலி, காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. அதில் உட்கார யாரும் வரமாட்டார்கள்; உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். அதனால் சாமியாருக்கு உதவியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அதன்மேல் ஒரு வெள்ளைத்துணியைப் போட்டுக் காலியாகவே வைத்துவிடுவார். சாமியார் அதன் முன்னால் தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிடுவார். யூதாசின் காலையும் இயேசு கழுவினார் என்று வருஷா வருஷம் காதால் கேட்டுக்கொண்டே அந்த நாற்காலியை வருஷா வருஷம் காலியாக வைத்திருந்தோம். வேதக்காரர்கள் என்று எங்களுக்குப் பெயர்.

அந்த வருஷம் தெரு கூடிப் பேசியது. குழந்தை பிறந்தாகிவிட்டது, ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும், சூசையை எத்தனை நாள் ஒதுக்கிவைப்பது? சரி, திரும்பிச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய வியாழனன்று அவன் அந்தக் கடைசி நாற்காலியில் ஊர் பார்க்க உட்காரவேண்டும். இதுதான் முடிவு. எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா! ஜாமீனில் வந்திருந்த உன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரி'யை நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

பெரிய வியாழன் மாலை சூசை தலைக்குக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோயில் முழுக்கக் கண் அவர்மேல்தான். அவர் நாற்காலியை நெருங்குவதற்குள் உன் அப்பா முதல் நாற்காலியிலிருந்து எழுந்தார். விறுவிறு என்று நடந்துபோய் அந்த வெள்ளைத்துணியை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உபதேசியார் பதறிப்போய், "யோவ், அது ஒன் எடம் இல்லய்யா, எந்திரி" என்றார்.

"யாரு எடமா இருந்தா என்னங்க? இந்தக் காலயும் அவரு கழுவுனாருல்ல. நான் இங்கயே இருக்கேன்" என்றார் உன் அப்பா. பிறகு சூசையைப் பார்த்து, காலியாகக் கிடந்த முதல் நாற்காலியைக் காட்டினார். சூசை நகரவில்லை. "உக்காரு சூசை. சாமியாரு குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு, உக்காரு" என்றார். சூசை உட்கார்ந்தார். சாமியார் அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றியபோது அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் உருகிப்போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும், "நீங்க என்ன பெரிய இயேசுநாதரா? அடிபட்டது நீங்க, தனியாக் கெடந்தது நானும் புள்ளைங்களும். நடுவுல அவனுக்கு இராயப்பர் நாற்காலியா?" என்று கேட்டேன். உன் அப்பா சிரித்தார். "அவரு செஞ்சத ஒரு நாளு செஞ்சு பாத்தேன். கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். பிறகு சொன்னதுதான் முக்கியம். "இன்னைக்கு சூசைய அந்த நாற்காலில உக்கார வெச்சுட்டோம்னு வெச்சுக்க, சாவுற வரைக்கும் அவன் யூதாசுதான். நம்மகிட்ட அவனுக்கு வேற பேரே கெடயாது. அப்பறம் அவன் எங்க போவான்? மிராசுகிட்டதான் போவான். அடுத்த வருஷத்துக்கும் அவங்களுக்கு ஒரு ஆளு ரெடி. நாமளே தயார் பண்ணிக் குடுக்கணுமா?"

அருளு, நாம் கட்டிவிட்ட பெயரால் ஒருவன் எதிரிக்குச் சொந்தமாகிவிடுவான் என்பது எந்தக் கட்சி வகுப்பிலும் சொல்லித்தராத பாடம். உன் அப்பா அதைக் கோயிலில் கற்றாரா, ஜெயிலில் கற்றாரா தெரியாது. சூசை அதற்குப் பிறகு பெரிய வீரனாகிவிடவில்லை. அடுத்த வேலைநிறுத்தத்தில் ஓடிப்போகாமல் நின்றார், அவ்வளவுதான். அதற்கடுத்ததிலும் நின்றார். உன் அப்பாவின் சவப்பெட்டியை முன்பக்கம் தோள்கொடுத்துத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஒன்றையும் கவனி. உன் அப்பா கடைசிவரை கூலிப் பேச்சுவார்த்தைக்குச் சூசையைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. கால் கழுவுவதற்கு எந்தத் தகுதியும் கேட்கக்கூடாது. சாவியைக் கொடுப்பதற்குக் கேட்கத்தான் வேண்டும். பிலவேந்திரனுக்குத் துணைத்தலைவர் பதவி கொடு என்று நான் சொல்லவே இல்லை. வடிகாலை அவன் வயலைத் தாண்டி வெட்டு என்கிறேன்.

துணைத்தலைவர் என்று சொன்னதும் உனக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டும். அந்தப் பதவி அவனுக்குத்தான் என்று முதலில் நீ சொன்னாயா இல்லையா? பிறகு ஓட்டுக் கணக்குப் பார்த்து வேறொருவருக்கு மாற்றியதை அவனுக்கு யார் மூலமோ தெரியவிட்டாயா இல்லையா? அவன் செய்தது அதற்காக நியாயமாகிவிடாது. ஆனால் கடைசி இராப்போஜனத்தில் 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்று ஆண்டவர் சொன்னபோது அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப்பார். 'அவனா?' என்று ஒருத்தரும் பக்கத்து ஆளைக் காட்டவில்லை. 'நானோ ஆண்டவரே, நானோ?' என்றுதான் கேட்டார்கள். மற்ற நேரமெல்லாம் யார் பெரியவன் என்று சண்டை பிடித்த அந்த ஆட்கள் அந்த ஒரு இடத்தில் சரியாகக் கேட்டார்கள். தலைமைக்கு வருகிறவன் தினமும் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதவி ஆசையே தப்பு என்று அம்மா சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை. பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்கு அம்மாவான செபதேயுவின் பெண்சாதி, என் பிள்ளைகளில் ஒருத்தனை வலப்பக்கம் உட்காரவை, ஒருத்தனை இடப்பக்கம் உட்காரவை என்று ஆண்டவரிடமே போய்க் கேட்டாளே, நான் அவள் தங்கைதான். நீ ஜெயிக்கவேண்டுமென்று வேளாங்கண்ணிக்கு நடந்தேன், காலில் இன்னும் கொப்புளம் ஆறவில்லை. அந்த அம்மாவை ஆண்டவர் திட்டவில்லை, கவனித்தாயா? பிள்ளைகளைத்தான் திரும்பிப் பார்த்து, நான் குடிக்கப்போகும் துன்பப் பாத்திரத்தில் உங்களால் குடிக்கமுடியுமா என்று கேட்டார். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்ததாம். கொள்கையால் வந்த கோபமா அது? நாம் கேட்பதற்குள் இவர்கள் முந்திக்கொண்டார்களே என்கிற கோபம்! உன் வீட்டு வாசலில் இப்போது நிற்பவர்களில் அந்தப் பத்துப் பேரும் இருப்பார்கள், பார்த்துக்கொள். சவுல் ராஜாவையும் மறக்காதே. நல்ல உயரமான, கூச்சசுபாவமுள்ள பிள்ளையாகத்தான் ராஜாவானான். தன்னிடம் வேலைபார்த்த தாவீதைத் தன்னைவிடப் பத்துப் பங்கு உயர்த்திப் பெண்கள் பாட்டுப்பாடியதைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு ராஜ்யம் ஆள நேரமில்லை. ஒரு மனிதனை விரட்டவே நேரம் சரியாகப் போய்விட்டது. உனக்கு இருப்பது ஐந்து வருஷம். அதில் எத்தனை வருஷத்தைப் பிலவேந்திரனுக்குச் செலவழிக்கப்போகிறாய்?

'அப்பா அன்றைக்கு மன்னித்தார், சூசையின் மகன் இன்றைக்கு என்ன செய்தான்?' என்று நீ கேட்கலாம். நானும் என்னையே கேட்டேன். உன் அப்பா அந்த நாற்காலியில் உட்காராமல் இருந்திருந்தால் உனக்குப் பிலவேந்திரன் என்று ஒரு நண்பனே கிடைத்திருக்கமாட்டான். நீ வாய்க்காலில் இழுத்துக்கொண்டு போனபோது குதித்து உன் தலைமுடியைப் பிடித்தவன் அவன்தானே? அந்த நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள். மன்னிப்பு என்பது ஒருதடவை விதைத்துவிட்டு வருஷா வருஷம் அறுக்கிற பயிர் இல்லை. இந்த வருஷ விளைச்சலுக்கு இந்த வருஷம்தான் சேற்றில் இறங்கவேண்டும். உன் அப்பா முறை முடிந்தது, இப்போது உன் முறை.

இதை எழுத உட்காரும் முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை உன் அக்கா வீட்டு வாசலில் பிலவேந்திரன் வந்து நின்றான். உன் அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் கோபம் முழுக்க ஆறியிருக்கவில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். சூசையின் முகம், அதே தரையைப் பார்க்கிற பார்வை. என்னை அறியாமல், "சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டேன். பழைய சோறும் நேற்று வைத்த மீன்குழம்பும் இருந்தது, போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்துவிட்டு ஓடின இராயப்பரை, உயிர்த்து வந்த ஆண்டவர் கடற்கரையில் பார்த்தபோது, ஏன்டா அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

பிலவேந்திரன் வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னான். "பெரியம்மா, நான் செஞ்சது தப்புதான். அத அவன்கிட்டயே சொல்லிடலாம்னு ரெண்டு தரம் போனேன். வாசல்லயே நிறுத்தி, 'தலைவருக்கு நேரமில்ல, ஒன் பாட்ட நீ பாத்துக்க'ங்கிறாங்க."

அருளு, யூதாசும் ஒரு வாசலுக்குப் போனான், தெரியுமா? குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு குருக்களிடம் போனான். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேராகத் தூக்குக் கயிற்றுக்குப் போய்விட்டான். அந்த வாசலில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், உள்ளே வா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலநாள் நினைத்ததுண்டு. ஆண்டவர் அவன் காலையும் கழுவியிருந்தார், அவன் வந்த வாசல்தான் மாறிப்போய்விட்டது. உன் வாசல் அப்படிப்பட்ட வாசலாக ஆகிவிடக்கூடாது. உன் அப்பா கட்டின வாசல் அது.

பயப்படாதே, நீ நல்லவனாகத்தான் இருப்பாய். அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை, கூட இருந்தவர்களுடையது என்று எனக்குத் தெரியும். வடிகால் கடைசிவரை வெட்டப்படும், ஐப்பசித் தண்ணீர் யார் வயலிலும் நிற்காமல் ஓடும், தை மாசம் நான் வந்து புதுநெல்லில் பொங்குவேன். பிலவேந்திரன் வயல் நெல்லும் அதில் ஒரு படி இருக்கவேண்டும் என்று ஆசை.

தலைவர் வாசலைத் தாண்ட அவனுக்கு வழியில்லை. தலைவரின் அம்மா கொடுத்தனுப்பிய கடிதம் என்றால் யாரும் மறிக்கமுடியாது அல்லவா? அதனால்தான் இத்தனை பக்கம் எழுதி, ஒட்டி, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நீ படித்து முடிக்கும்வரை அவன் எதிரே நின்றுகொண்டுதான் இருப்பான்.

கடிதத்தை மடித்து வை. அவனை உட்காரச் சொல்.

அம்மா